காற்றடிக்கப் போனவர்

அப்பாவின் தலைக்குக் கீழே தலையணையை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் அந்தக் கறையைப் பார்த்தாள். தலையணையின் மறுமுனையைப் பிடித்திருந்தது அவளுடைய கணவனின் கை. வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில், பொத்தானை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக என்னவோ பட்டிருந்தது. அழுதுகொண்டிருந்தவளுக்கு அழுகை பாதியில் நின்றது. அவன் பழைய கார் வாங்கி விற்கிறவன்தான். ஆனால் பானட்டைத் திறக்கக்கூட ஆள் கூப்பிடுவான். நாள் முழுக்க வண்டிகளுக்கு நடுவில் நின்றுவிட்டு, காலையில் போட்டுக்கொண்டு போன அதே வெள்ளையோடு சாயங்காலம் திரும்பி வருகிற ஆள்.

அவள் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.  தலையணையை விட்டுவிட்டு, இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கை வரை சுருட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் மனசு சும்மா இருக்குமா? பதினோரு வருஷமாக மருந்துக் கடையில் வேலை. எந்த அட்டையைக் கையில் எடுத்தாலும் மருந்தின் பெயரைப் படிப்பதற்கு முன்னால் காலாவதித் தேதியைத் தேடுகிற கண் அவளுக்கு. அப்பா செத்துப்போன அன்றைக்குக்கூட அந்தக் கண் லீவு எடுக்க மறுத்தது.

நடந்தது என்னவென்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். காலை ஆறு மணிக்கு அப்பா காரை எடுத்துக்கொண்டு, "காத்து அடிச்சுட்டு வந்துடறேன்" என்று கிளம்பியிருக்கிறார். ஏழு மணிக்குக் காற்றுக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியபோது, முன் சக்கரத்தில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் பேச்சில்லை. வண்டியின் பின் கண்ணாடியில் மருமகனின் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால் அதிலிருந்த நம்பருக்குக் கடைக்காரர் போன் போட, முதலில் போய்ச் சேர்ந்தது அவன். ஆஸ்பத்திரியில், நெஞ்சுவலி, வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் சரி. காற்றுக் கடை ஏழு மணிக்குத்தான் திறக்கும் என்பது தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அப்பா ஆறு மணிக்குப் போய் என்ன செய்துகொண்டிருந்தார்?

தம்பி அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனான். முகம் வீங்கிச் சிவந்திருந்தது.

"அக்கா, நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"என்னத்தைப் பார்த்தே?"

"பானட்டு திறந்து கிடக்கு. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கி இருக்கு. கியர் நியூட்ரல்ல இருக்கு. என்ன அர்த்தம், நீயே சொல்லு."

 அர்த்தம் அவளுக்கும் தெரிந்தது.

"வண்டி நின்னு போச்சு. அப்பா இறங்கி, ஜன்னல் வழியா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தையாத் தள்ளியிருக்காரு. அறுபத்தெட்டு வயசு மனுஷன். நெஞ்சு தாங்குமா? அத்தான் தலையில கட்டினாரே ஒரு டப்பா வண்டி, அதுதான் அப்பாவைக் கொன்னுச்சு."

"மெதுவாப் பேசுடா. அம்மா காதுல விழும்."

"விழட்டும். நாலு மணிக்கு எடுக்கறதுக்குள்ள எல்லார் முன்னாடியும் அவரைக் கேக்கத்தான் போறேன். அந்த ஆளை நீ வேணும்னா நம்பு."

நம்பினாளா? அதுதான் அவளுக்கே தெரியவில்லை. அவளுடைய கணவன் பெரிய பொய்யன் என்று சொல்லிவிட முடியாது. வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு போனில், "வந்துட்டே இருக்கேன், பாலத்துகிட்ட நிக்கறேன்" என்பான். அதெல்லாம் வியாபாரம் என்று அவளும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆனால் தம்பி சொன்னது உண்மையானால் அவன் வீட்டில் இனி ஒரு வாய் சோறு தின்ன முடியாது, அது மட்டும் நிச்சயம். சுவரில் கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது.

ஹாலில் அம்மா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, யாரோ கேட்ட கேள்விக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "வாரத்துல நாலு நாள் காத்து அடிக்கப் போவாருங்க. டயரா பலூனான்னு நான்கூடக் கேட்பேன்."

கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் தலையை ஆட்டினார்கள். மகளுக்குத்தான் சுருக்கென்றது. வாரத்தில் நாலு நாளா?

அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அது அதிசயமில்லை. மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி மீட்டர் பார்த்தவர். காந்தம் வைத்து மீட்டரை நிறுத்தியவர்கள், கம்பியை மாற்றிக் கட்டியவர்கள் என்று எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கூர்மையை எல்லாம் கார் மேல் வைத்துவிட்டார். தெருவில் யாராவது பழைய கார் வாங்கினால் போதும், மனுஷனுக்கு நாக்கு ஊறும். டயரில் காற்று குறைஞ்சா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும், வாரம் ஒரு தடவை பாருங்க என்பார். டிக்கியில் வேண்டாத சாமானைச் சுமக்காதீங்க, அதையும் பெட்ரோல்தான் தூக்கணும் என்பார். குழந்தை தூங்குகிற வீட்டில் நடக்கிற மாதிரி ஆக்ஸிலேட்டரை மிதிக்கணும் என்பார். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே மந்திரம்தான்: மீட்டரை நம்பாதீங்க, கால் மிதிக்கிற ரப்பரைப் பாருங்க. விற்கிறவன் மீட்டரைக் குறைத்து வைத்தாலும் வைப்பான், தேய்ந்த ரப்பர் பொய் சொல்லாது.

அவருடைய கார் மட்டும் லிட்டருக்குப் பதினெட்டு கொடுத்தது. "மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்த வண்டியாச்சே" என்று அவர் சொல்லாத நாளில்லை.

கார் இப்போது வாசலுக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது. மெக்கானிக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னார்கள். இறப்புச் சான்றிதழுக்கு அப்பாவின் அடையாள அட்டை வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு அவள் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததும் அப்பாவின் வாசனை வந்தது.  ஒரு நிமிஷம் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நன்றாக அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

மீட்டர் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் காட்டியது. பெடல் ரப்பர் மூன்றும் கடையில் வாங்கிய மெருகோடு, வரி வரியாக, விரலில் உறுத்தின. அவ்வளவு புதுசு. நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் மிதிபட்ட ரப்பர் இப்படியா இருக்கும்? மாற்றியிருக்கிறார்கள். யார் மாற்றுவார்கள்? விற்கிறவன்தான் மாற்றுவான்.

 இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள். அப்பாவின் சட்டப்படி டிக்கி துடைத்து வைத்த மாதிரி காலி. ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் மூலையில் நாலாக மடித்து ஒரு செய்தித்தாள் விரித்திருந்தது. அதன் மேல் வட்டமாக எண்ணெய்த் தடம். வட்டத்தின் மேல் வட்டம், பல நாள் ஒரே இடத்தில் எதையோ வைத்து வைத்து எடுத்த மாதிரி. பேப்பரின் தேதியைப் பார்த்தாள். பத்து நாள்தான் ஆகியிருந்தது. எதுவோ இங்கே இருந்திருக்கிறது. அதை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

கைமடிப்புக் கறை கண் முன்னால் வந்து நின்றது.

வாசலில் நாற்காலிகளில் உட்காராமல், கேட்டுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தார் மெக்கானிக். எஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து மறுமுனையில் காதை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பதால் ஊருக்குள் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். அவள் வருவதைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அண்ணே, டிக்கியில என்ன இருந்துச்சு?"

"எந்த டிக்கி தங்கச்சி?"

"எங்கிட்ட மறைக்காதீங்க. அங்க அப்பா படுத்திருக்காரு. அவர் முகத்தைப் பார்த்துட்டு வந்து பொய் சொல்லுங்க பார்ப்போம்."

அவர் தலையைச் சொறிந்தார். வாசலைப் பார்த்தார். அவளுடைய கணவன் தூரத்தில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஆயில் டப்பா" என்றார் மெதுவாக. "எப்பவும் இருக்கும். காலையில நான் வண்டியை எடுக்கப் போனப்போ இல்ல."

"எதுக்கு ஆயில்?"

"எஞ்சின் ஆயிலைக் குடிக்குது. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஊத்தணும். வீட்டு வாசல்ல ஊத்தினா எல்லாரும் பார்ப்பாங்கன்னு, காத்து அடிக்கப் போறேன்னு சொல்லிட்டு அங்க போய் நிறுத்துவாரு. கடை திறக்கறதுக்கு முன்னாடி அங்க ஆள் நடமாட்டம் இருக்காது. தரையும் சமமா இருக்கும். எஞ்சினை அணைச்சுப் பத்து நிமிஷம் விட்டு, அளவு பார்த்து, ஊத்திட்டு வருவாரு."

"நாப்பதாயிரம் ஓடின வண்டி ஆயில் குடிக்குமா?"

காதுக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பாவம் என்று பார்த்தாரா, இவளும் தெரிந்தேதான் கேட்கிறாளா என்று பார்த்தாரா, தெரியவில்லை.

"வாங்கின முதல் வாரமே ஐயா என் ஷெட்டுக்கு வந்தாரு. 'காதுக்காரரே, மீட்டர் முப்பத்தெட்டாயிரம்னு சொல்லுது. உங்க காது என்ன சொல்லுது?'ன்னாரு. கேட்டேன். 'லட்சத்தைத் தாண்டி ரொம்ப நாளாச்சுங்க'ன்னேன். கோபப்படுவாருன்னு பார்த்தா, சிரிக்கிறாரு. 'முப்பது வருஷம் மீட்டர் பார்த்தவன் நான். எனக்கே மீட்டரைத் திருப்பிக் காட்டியிருக்காங்க பாரு'ன்னாரு. அப்புறம் ரப்பரை மாத்தச் சொன்னாரு."

"ரப்பரை... அப்பாவா மாத்தச் சொன்னாரு?"

"ஆமா. வண்டி வந்தப்போ ரப்பர் தேஞ்சு வழுக்கையா இருந்துச்சு. 'இதை என் பையன் பார்த்தா ஒரு நாள்ல கண்டுபிடிச்சு ரகளை பண்ணிடுவான்'னாரு. எஞ்சினைப் பிரிச்சு வேலை பார்த்துடலாம்னு எத்தனையோ தடவை சொன்னேன் தங்கச்சி. கேக்கல. 'பிரிச்சா பத்து நாள் ஷெட்ல நிக்கும். மாப்பிள்ளை கொடுத்த வண்டி பத்து நாள்ல படுத்துருச்சுன்னு பேச்சு வரும். அது குடிக்கிறதை நான் ஊத்திக்கறேன். என் பொண்ணு அந்த வீட்ல நல்லா இருக்கா'ன்னாரு. லிட்டருக்குப் பதினெட்டுன்னு ஊரெல்லாம் சொன்னாரே, பதினொண்ணு கொடுத்தாலே அதிசயம்."

 அவளுக்குக் கணவன் மேல் வந்த கோபம் போதாதென்று அப்பா மேலும் வந்தது. நல்லா இருக்கிறாள் என்று நீங்களாக முடிவு பண்ணிக்கொள்வீர்களா? என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். நல்லா இருக்கேன்ப்பா என்றுதான் சொல்லியிருப்பாள்.

"தள்ளினாரா?" என்றாள்.  "அதை மட்டும் சொல்லுங்கண்ணே. வண்டி நின்னு போய்த் தள்ளினாரா?"

"சேச்சே. அங்கிருந்து நான்தானே ஓட்டிட்டு வந்தேன். சாவியைத் திருப்பினதும் எடுத்துக்கிச்சு. ஆம்புலன்ஸ் உள்ள வர இடம் இல்லைன்னு மாப்பிள்ளையும் காத்துக் கடைக்காரரும்தான் வண்டியைப் பின்னால தள்ளி விட்டிருக்காங்க. கடைக்காரரே சொன்னாரு. உங்க தம்பி அதுக்கப்புறம் போய்ப் பார்த்திருக்கான்."

அப்படியானால் கொலை இல்லை. மீதி எல்லாம் இருந்தது.

கணவனை வீட்டுக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"என்னைக் கேக்காதீங்க. உங்க சட்டைக் கையை அவுத்துக் கேளுங்க."

முகத்தில் தண்ணீர் வழிய அவன் அப்படியே நின்றான்.

"என் பைக்ல. சைடு பெட்டியில."

"ஏன் எடுத்தீங்க?"

"உன் தம்பி பார்த்தா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"மீட்டரைத் திருப்பினது நீங்கதானே?"

"நானா திருப்பல. அதுக்குன்னு ஒரு ஆள் இருக்கான். எங்கிட்ட வர்ற எல்லா வண்டியும் அவன்கிட்ட போயிட்டுத்தான் வரும். எல்லாரும் பண்றதுதான்."

"எங்க அப்பாவுக்குன்னு தெரிஞ்சுமா?"

"இது மாமா கேக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்ன வண்டி. அவர் கேட்டதும்... நம்பு. இருந்ததுலயே அதுதான் நல்ல வண்டி."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவளுக்கு ஒரு சத்தம் வந்தது. அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அவர் பக்கத்துல அந்த டப்பாவைப் பார்த்ததும்தான் புரிஞ்சுது, அவருக்கு எல்லாம் தெரியும்னு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தாக்கூட, 'மாப்பிள்ளை, வண்டி பதினெட்டு கொடுக்குது'ன்னு சொல்லிக்கிட்டே என் இலையில கறியை எடுத்து வைப்பாரு. முகத்துக்கு நேரா நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கேக்கவே இல்லையே."

அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அதையும் உற்றுத்தான் பார்த்தாள். நிஜமா இது? விற்ற வண்டியைத் திருப்பிக்கொண்டு வருகிறவர்களிடம், "உங்களுக்கா நான் அப்படிச் செய்வேன்?" என்று ஒரு குரலில் பேசுவானே, இதுவும் அந்தக் குரலா? பதினோரு வருஷக் கண்ணுக்கும் அதில் தேதி தட்டுப்படவில்லை. திரும்பி நடந்தாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, சொன்னபடியே தம்பி வாசலில் ஆரம்பித்தான். அப்பாவைத் தூக்கி அமரர் ஊர்தியில் வைத்துவிட்டு இறங்கியவன் நேராக வந்து அத்தானுக்கு எதிரில் நின்றான். 

"எனக்கு ஒண்ணு தெரியணும் அத்தான். வண்டி நின்னு போய்த் தள்ளித்தானே அப்பா செத்தாரு?"

"இல்ல" என்று பதில் சொன்னது அக்கா. "வண்டி நிக்கல. ஆம்புலன்ஸுக்காக இவங்கதான் தள்ளி விட்டாங்க. காத்துக் கடைக்காரர் அதோ நிக்கறாரு, கேட்டுக்கோ."

கடைக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். தம்பி அக்காவை நம்பாமல் பார்த்தான்.

"அப்புறம் பானட்டு ஏன் திறந்திருந்துச்சு?"

"அப்பா எப்பப் பார்த்தாலும் எதையாவது திறந்து பார்த்துக்கிட்டேதான் இருப்பாரு. உனக்குத் தெரியாதா?"

அவன் சட்டென்று உடைந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்பாவும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்தா அடுத்த வீட்டுக்காரருக்கு ஆசை வரவேண்டும்? நல்ல மனுஷர், அப்பாவின் பேச்சை எல்லாம் உட்கார்ந்து கேட்டவர். கணவனின் காதருகே குனிந்து, துக்கத்துக்கு ஏற்ற குரலில் கேட்டார்.

"இப்பக் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க தம்பி. ஐயா அந்த வண்டியைக் கண்ணு மாதிரி வெச்சிருந்தாரு. கொடுக்கறதா இருந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும். நாப்பத்தோராயிரம்தானே ஓடியிருக்கு?"

அவள் தம்பியின் தோளுக்கு மேலாகக் கணவனின் வாயையே பார்த்தாள்.

"ஆமாங்க" என்றான் அவன். "நாப்பத்தொண்ணுதான். ஒரே ஓனர்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது. அவன் முகம் வெளிறி, கண்கள் அவளைத் தேடி வந்து நின்றன.

"விக்கறதில்லைங்க" என்றாள் அவள், அடுத்த வீட்டுக்காரரிடம், கணீரென்று. "இனிமே இதை இவர்தான் ஓட்டப் போறாரு. தினமும்."

"அப்படியா, சந்தோஷம்மா. மாமனார் ஞாபகமா வெச்சுக்கறது நல்லதுதான்" என்று அவர் விலகிப் போனார்.

அப்பாவை ஏற்றிய வண்டி மெல்ல நகர்ந்து தெருமுனையில் மற்ற வண்டிகளுக்காக நின்றது. அம்மாவை அப்பாவின் காரில் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு அவள் பக்கத்தில் ஏறப் போனாள். கணவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியை நுழைத்தான்.

"இறங்குங்க" என்றாள். "ஆயில் பார்த்துட்டு எடுங்க."

"இப்பவா? எல்லாரும் காத்துக்கிட்டு..."

"காத்திருக்கட்டும்."

அவன் இறங்கினான். பானட்டைத் திறக்கிற கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரல்களால் துழாவினான். தூக்கி நிறுத்தியதும் ஆயில் அளவு பார்க்க எந்தக் கம்பியை இழுப்பது என்று தெரியவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டுக்குப் பக்கத்திலிருந்து காதுக்காரர் ஒரு விரலை நீட்டிக் காட்டினார். அவன் இழுத்து, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி விட்டு, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஆயில் மேல் கோடு வரை இருந்தது. அதற்கு ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை. காலையில் ஊற்ற வேண்டியதை முழுக்க ஊற்றி, மூடியையும் திருகிவிட்டுத்தான் அப்பா சக்கரத்தில் சாய்ந்திருக்கிறார்.

"எவ்வளவு இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

அவன் அந்த மெல்லிய கம்பியை அதன் துவாரத்தில் திரும்ப நுழைக்கப் பார்த்தான். நுனி இரும்பில் டிக் டிக்கென்று இடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவையும் உள்ளே போகவில்லை. அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உதவிக்குக் கை நீட்டவில்லை.